கொக்கி அக்கா மாற்றிச் சொன்ன கதை

அவளுடைய அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி நூலகத்தில் விசாரித்தால், யாரைத் தேடுகிறீர்கள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். "கொக்கி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கிற பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உள்ளதான் இருக்காங்க. பாத்துப் போங்க, மாட்டிக்குவீங்க" என்பான்.

மாட்டிக்கொள்வது என்றால் இப்படித்தான். மீசை அரும்பத் தொடங்கிய ஒருத்தன், காதில் எதையோ செருகிக்கொண்டு, மழைக்கு ஒதுங்குகிற மாதிரி உள்ளே வருவான். அவள் கவுண்டரை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கையில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்வாள்.

"அடப்பாவி, செத்துப்போன அண்ணனோட போன் எப்படிடா அடிக்கும்?"

அவன் காதில் இருப்பதைக் கழற்றுவான். "என்னக்கா?"

"உன்கிட்ட இல்லப்பா. இதுல ஒருத்தன். அவன் அண்ணன் போய்ச் சேர்ந்தாச்சு. போன அலமாரில வச்சுப் பூட்டிட்டாங்க. சார்ஜே கிடையாது. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வர்றான், அலமாரிக்குள்ள போன் அடிக்குது. எடுத்துப் பாக்கறான். கூப்பிடறது யாருன்னா..."

அவ்வளவுதான். புத்தகத்தை மூடி விடுவாள்.

"யாருக்கா?"

"எனக்கு வேலை இருக்குப்பா."

அந்த இடம்தான் கொக்கி. அதில் மாட்டியவன் புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போவான். இரண்டு நாள் கழித்து, கண் சிவந்து, "அக்கா, இதே மாதிரி இன்னொண்ணு" என்று வந்து நிற்பான். அவளுக்குக் காதோரம் நரை விழுந்தாயிற்று. ஆனாலும் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவர்களுக்கு வரிசையில் கடைசி இடம்தான். அதனால் எல்லோருக்கும் அக்கா.

இந்த வித்தையை அவள் நூலகப் படிப்பில் கற்றுக்கொள்ளவில்லை. எல்லாம் பெரியக்கா செய்த வேலை. வீட்டில் நான்கு பெண்கள், இவள் மூன்றாவது. அப்பா லாரி ஓட்டினார், அம்மா துணி தைத்தாள். வாரத்துக்கு ஒரு புத்தகம் இரவலாக வரும். அது முதலில் பெரியக்கா கைக்குத்தான் போகும். படித்த வரைக்கும் தங்கைகளுக்குச் சொல்லுவாள். திருடன் கதவில் கை வைக்கிற நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டு, "பாத்திரம் யாரு தேய்க்கறது?" என்பாள். மூன்று பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுவார்கள். கல்யாணமாகிப் போகிற வரை பெரியக்கா ஒரு டம்ளர் கழுவியதில்லை. புகுந்த வீட்டில் அவள் பட்ட பாடு வேறு. அங்கே இருந்த நாத்தனார்கள் கதை கேட்கிற ரகம் இல்லை.

அந்தப் பெரியக்காவின் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் நூலகத்தில் தலைமை நூலகர். ஆக, கல்யாண வீடுகளில் பார்த்தால் கொக்கிக்கு அவர் "அத்தான்". நூலகப் படி ஏறிவிட்டால் "சார்". சொந்தக்காரர் ஆயிற்றே, சலுகை கிடைத்திருக்குமே என்று நினைத்தால் அதுதான் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு தடவையில் தலையாட்டுகிற மனுஷர், இவள் கேட்டால் மட்டும் மூன்று நாள் யோசிப்பார். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு அறை.

கீழே இளையோர் புத்தகங்களுக்கு என்று இருந்தது இரண்டே அலமாரி. ஒரு பக்கம் சின்னக் குழந்தைகள் பகுதி. அங்கே சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டி நாற்காலிகள். அதில் பத்தாம் வகுப்புப் படிக்கிறவன் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். இன்னொரு பக்கம் செய்தித்தாள் மேசை. அதற்கு ராஜா, கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த கடிகாரக்காரர். பிள்ளைகள் வாயைத் திறந்தால் போதும், தாளை இறக்கி, கண்ணாடிக்கு மேலே பார்த்து, "உஷ்!" என்பார். புத்தகம் படித்தவர்களுக்கு அதைப் பற்றி யாரிடமாவது கத்தித் தீர்க்க வேண்டும். அந்த வயதில் அப்படித்தான். அதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே இடம் வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். வெயில் ஏறினால் ஓடிவிடுவார்கள், மழை பெய்தால் வரவே மாட்டார்கள். சூடு ஆறுவதற்குள் அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுக்க முடியாமல் அவள் தவித்துப் போவாள்.

மாடி அறையில் பழைய செய்தித்தாள் கட்டும் ஓடாத மின்விசிறியும்தான் குடியிருந்தன. கேட்கும்போதெல்லாம் தலைமை நூலகர், "பாக்கலாம்மா" என்பார். பார்த்துக்கொண்டே ஆண்டுகள் ஓடின. அப்புறம் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, அறையைச் சும்மா போட்டு வைக்காதீர்கள், ஏதாவது ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கொக்கி அன்றைக்கே போய் நின்றாள்.

"சார், அந்த ரூம எங்களுக்குக் குடுத்துடுங்க."

"எங்களுக்குன்னா?"

"எனக்கும் என் பசங்களுக்கும்."

"உன் பசங்க எங்கம்மா புத்தகம் எடுக்கறாங்க? நான் பாக்கறப்பல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அரட்டைதான் அடிக்கறாங்க."

"அது அரட்டை இல்ல சார். புத்தகத்தப் பத்தித்தான் பேசறாங்க."

"பேசறாங்களா, கட்டிப் புரள்றாங்களா? பழைய பேப்பரையே அழகா அடுக்கி வச்சுடலாம்னு பாக்கறேன். பேப்பர் சத்தம் போடாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கினார். "சரி, ஒண்ணு பண்ணு. சனிக்கிழமை நீ புத்தகம் சொல்ற நாள்தானே? எப்பவும் போல மேசை நிறைய அடுக்கு. சாயங்காலம் நான் பூட்ட வர்றப்ப மேசை காலியா இருந்தா ரூம் உனக்கு. ஒண்ணு மிஞ்சினாலும் பேப்பருக்கு."

"ஒண்ணே ஒண்ணு மிஞ்சினாக்கூடவா, அத்தான்?"

"இது ஆபீஸ்."

"ஒண்ணே ஒண்ணு மிஞ்சினாக்கூடவா, சார்?"

"ஆமா."

அவளுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இதுவரை யார் கையும் படாத புத்தகங்களாகப் பொறுக்கினாள். எப்போதும் போகிற பேய்க்கதைகளை அடுக்கி ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு என்று ஒரு வீம்பு. அந்த வாரம் முழுக்கப் படிப்புதான். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் ஓடும். ஒன்று அடுப்படிப் புத்தகம், மாவு டப்பா மேல் சாய்ந்து நிற்கும். இன்னொன்று பஸ் புத்தகம், கைப்பையில் போய்வரும். அடுப்படிப் புத்தகம் அடுப்படியை விட்டு வராது, பஸ் புத்தகம் பையை விட்டு இறங்காது. இத்தனை வருஷத்தில் ஒன்றோடு ஒன்று கலந்ததே இல்லை என்று அவளுக்குப் பெருமை வேறு.

வீட்டில் அவள் கணவரின் தங்கை இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"அண்ணி, பால் பொங்குது."

"இருடி, அவ ஆத்துல பாதி தூரம் வந்துட்டா. இப்ப எப்படி விடறது?"

"ஆத்துல அவ முழுகட்டும். இங்க அடுப்பு முழுகுது!"

திட்டினாலும் பாலை இறக்கி வைத்துவிட்டு, "ம், அப்புறம்?" என்று அவளே பக்கத்தில் வந்து நிற்பாள். அந்த வார அடுப்படிப் புத்தகமும், வீடு திரும்பியதும் இவள் வாயால் கேட்ட பஸ் புத்தகமும் அப்படி நாத்தனாருக்கு முக்கால்வாசி மனப்பாடம்.

சனிக்கிழமை வந்தது. செய்தித்தாள் மேசைக்காரர்களிடம் கெஞ்சி, நடுக்கூடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வாங்கியிருந்தாள். ஒரு நீள மேசை, அதன் மேல் முகம் காட்டி நிற்கும் புத்தகங்கள். எதிரே தரையில் பிள்ளைகள். இடம் பற்றாமல் படிக்கட்டில் சிலர், குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிலர். முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் கைப்பந்து ஆடுகிற ஒருத்தி. எல்லோருக்கும் அவள் நெட்டை. அவள் தோளில் இடித்துக்கொண்டு, கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒருத்தன். எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் "இதெல்லாம் நடக்குமா?" என்று முதலில் கேட்கிறவன் அவன்தான். நாத்தனார் அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். தலைமை நூலகர் தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கொக்கி ஆரம்பித்தாள். பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற கோல்கீப்பரைச் சொன்னாள். இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்து வருகிற இடத்தில் மூடினாள். நான்கு கைகள் பாய்ந்தன. முன்பின் தெரியாத வீட்டுச் சுவரில் தன்னுடைய குழந்தைப் பருவப் படம் தொங்குவதைப் பார்த்த பெண்ணைச் சொன்னாள். "அந்த வீட்டுக்காரி உள்ளேயிருந்து வர்றா. இவளப் பாத்துட்டு என்ன சொல்றா தெரியுமா?" மூடினாள். "ஐயோ அக்கா, நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க!" என்று ஒருத்தி கத்திக்கொண்டே வந்து பறித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூட நாடகத்தில் வில்லனாக நடித்தவன் அதற்கப்புறம் வில்லத்தனத்தை விட முடியாமல் தவிக்கிற கதை, நட்சத்திரம் பார்க்கிற பைத்தியம் பிடித்த இரட்டையர் கதை, ஊரையே கூட்டிய பொய் ஒன்றின் கதை, எல்லாம் பறந்தன. நாத்தனார் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் எழுதி மாளவில்லை. கொக்கிக்கு முகமெல்லாம் வேர்த்து, குரல் ஏறி, கை தானாக ஆடத் தொடங்கிவிட்டது. மேசை பாதி காலி. முக்கால் காலி.

கடைசியில் நின்றவை இரண்டு. அந்த வார அடுப்படிப் புத்தகமும் பஸ் புத்தகமும்.

ஒன்றைக் கையில் எடுத்தாள். அவசரம். அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"ஒரு அணை. அந்த அணைக்குக் கதவு திறக்கறவரோட பொண்ணு இவ. தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி சங்கு ஊதும். மூணு தடவை. மூணாவது சங்குக்குள்ள ஆத்த விட்டு வெளிய வந்துடணும். இல்லன்னா ஆள் கிடையாது."

ஹெட்போன்காரன் வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"ஒரு நாள் ஸ்கூல் பஸ்ல போறா. டீசல் போட பஸ் நிக்குது. டிரைவர் இறங்கிப் போறாரு, திரும்ப வந்து ஏர்றாரு. அதே சட்டை, அதே தொப்பி. ஆனா ஆள் வேற! பஸ்ல யாருமே கவனிக்கல, இவ ஒருத்தியத் தவிர. பஸ் கிளம்புது. ரோட்ட விட்டு இறங்குது. காஞ்சு கிடக்கற ஆத்து மணலுக்கு நடுவுல போய் நிக்குது. அந்த ஆளு சாவிய எடுத்துக்கிட்டு, கதவப் பூட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம நடக்கறான். பஸ்ஸுக்குள்ள மூச்சுச் சத்தம்கூட இல்ல. அப்ப, தூரத்துல..."

மூடினாள்.

 கூடமே எழுந்து நின்றது. "எனக்கு!" "எனக்குக்கா!" "நான்தான் முதல்ல கை தூக்கினேன்!" நெட்டை காலை மடக்க மறந்து எழுந்து, இரண்டு பேர் மேல் விழுந்தாள். தலைமை நூலகரின் கட்டிய கை அவிழ்ந்தது. கொக்கி சிரித்துக்கொண்டே புத்தகத்தை நீட்டப் போனாள். அப்போதுதான் அட்டை கண்ணில் பட்டது. ஆற்றில் ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள். பஸ் இல்லை. இந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாலும் ஒரு பஸ் கிடையாது.

பஸ் மேசையில் இருந்தது. அந்தப் பஸ்ஸிலோ, ஆறும் இல்லை, சங்கும் இல்லை.

நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டாள். நாத்தனார் கவுண்டரிலிருந்து எழுந்து வந்து காதில் குசுகுசுத்தாள். "அண்ணி, ரெண்டையும் சேத்து அரைச்சுட்டீங்க."

"தெரியும்டி."

"தெரிஞ்சா பேசாம குடுத்துடுங்க. ஒருத்தருக்கு இது, ஒருத்தருக்கு அது. மேசை காலி, ரூம் நமக்கு. படிச்சுட்டு வந்து கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

மேசை காலியாக இரண்டே புத்தகம். நீட்டிய கைகளோ ஏராளம். இத்தனை வருஷம் ஏங்கிய அறை, கை நீட்டினால் கிடைக்கிற தூரத்தில். அவளுக்கு ஆசை இல்லாமலா? ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். அதட்டினால் மறந்துவிடுவார்கள். பிடிக்காத புத்தகத்தைக் கொடுத்தால் கேலி பண்ணிவிட்டு, மறுபடி வருவார்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிக் கையில் திணித்தால் மட்டும் அப்புறம் அந்த வாசலை எட்டிப் பார்க்க மாட்டார்கள். அறை கிடைத்து, அதில் உட்கார ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? மறுபடி பேப்பர்தானே அடுக்க வேண்டும்?

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டினாள். "அணைக்காரர் பொண்ணு இதுல இருக்கா. பஸ்ஸும் புது டிரைவரும் அதுல. நான் ரெண்டையும் கலந்து சொல்லிட்டேன். இதுல அவ ஆத்துல நீந்திக்கிட்டு இருக்கறப்பதான் சங்கு ஊதும். அதுல பஸ் ஆத்துக்கெல்லாம் வராது, வேற எங்கேயோ போகும். நீங்க கேட்ட கதை ரெண்டுலயும் இல்ல."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செய்தித்தாள் பக்கத்திலிருந்து யாரோ கொல்லென்று சிரித்தார்கள். தலைமை நூலகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். பூட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நெட்டைதான் முதலில் பேசினாள். "அப்ப அந்தப் பஸ்ல இருக்கற பொண்ணு வேற பொண்ணா?"

"வேற பொண்ணு."

"அவளுக்குச் சங்கு கணக்கெல்லாம் தெரியாதா?"

"அவ ஆத்தையே பாத்ததில்ல."

"அப்ப செத்தாங்க எல்லாரும்!" என்றாள் நெட்டை. "அணைக்காரர் பொண்ணு இருந்திருந்தா முதல் சங்குலயே எல்லாரையும் இறக்கிக் கரை சேத்திருப்பா."

"எப்படி இறக்குவா?" என்றான் ஹெட்போன்காரன். "கதவ அவன் பூட்டிட்டான்ல?"

"ஜன்னல் வழியா."

"ஜன்னல்ல கம்பி இருக்கும்."

"எந்த ஸ்கூல் பஸ்லடா கம்பி இருக்கு?"

"எங்க ஸ்கூல் பஸ்ல இருக்கு! அக்கா, அந்த பஸ்ல ஜன்னலுக்குக் கம்பி இருக்கா, இல்லையா?"

கொக்கி நிமிர்ந்தாள். கேள்வி வந்துவிட்டதே! "எனக்கு வேலை இருக்குப்பா," என்றாள்.

அவன் பாய்ந்து பஸ் புத்தகத்தைப் பறித்தான். நெட்டை சும்மா இருப்பாளா? "அவ எப்படிப்பட்டவன்னு நான் காட்டறேன் உனக்கு" என்று நீச்சல்காரியை அள்ளிக்கொண்டாள். கூடம் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் நெட்டையின் தோள் வழியாக எட்டிப் பார்க்கிற கூட்டம், அந்தப் பக்கம் ஹெட்போன்காரனைச் சுற்றி ஒரு கூட்டம். "கம்பி இல்ல! கம்பி இல்ல! படம் போட்டிருக்கு பாரு!" "ஆனா கண்ணாடி திறக்காதுன்னு எழுதியிருக்கு, அதையும் படி!" "எங்காளு மூச்ச அடக்கி ஆத்துக்கு அடியிலயே போறா, தெரியுமா?" "எங்காளுக்கு வண்டி ஓட்டத் தெரியும்! சாவி இல்லாமலே கிளப்புவா!" "நடக்காது!" "நடக்கும்!" நடக்காது என்று எப்போதும் சொல்லுகிற ஹெட்போன்காரனே தொண்டை கிழிய, "நடக்கும்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

கடிகாரக்காரர், "உஷ்!" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று, "உஷ்!" என்றார். குட்டி நாற்காலி ஒன்று கவிழ்ந்து உருண்டது. சின்னக் குழந்தைகள் பகுதியில் ஒரு பொடிசு எதற்கென்றே தெரியாமல் கைதட்டியது.

தலைமை நூலகருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கூடத்தின் நடுவில் வந்து, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து மேசை மேல் படாரென்று போட்டார். காலி மேசை. ஓசை கூடமெல்லாம் எதிரொலித்தது.

"கத்தறதா இருந்தா மேல போய்க் கத்துங்க!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. மேசையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். அதற்குள் நெட்டை சாவியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் பாதி ஏறிவிட்டாள். பின்னால் மொத்தக் கூட்டமும்.

"நில்லுங்க! நில்லுங்க! முத்திரை போடல!" கொக்கி தேதி முத்திரையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள். வைத்துக் குத்தப் பலகை எங்கே? ஹெட்போன்காரன் படியிலேயே குனிந்து முதுகைக் காட்டினான். அவன் முதுகில் வைத்து அவன் புத்தகத்துக்கு ஒரு குத்து. நெட்டையின் முதுகு எட்டாமல் அவளை ஒரு படி கீழே இறக்கி, அவள் புத்தகத்துக்கு ஒரு குத்து. அதிகாரபூர்வமாக மேசை காலி.

"அக்கா, புதன்கிழமை மாத்திக்கறோம்," என்றாள் நெட்டை. "நான் பஸ், அவன் ஆறு. அப்புறம் பாருங்க அவன் மூஞ்சிய."

"யாரு மூஞ்சின்னு பாக்கலாம்," என்றான் அவன்.

மேலே பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. செய்தித்தாள் கட்டுகளைச் சுவரோரம் தள்ளுகிற சத்தம், தும்மல், யாரோ பலம் கொடுத்து ஜன்னலைத் திறந்ததும் "ஹோ" என்று ஒரு கூச்சல். கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது.

கொக்கி படியிறங்கி வந்தாள். தலைமை நூலகர் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"உட்கார நாற்காலி வேணும். ஃபேன் ஓடாது. விளக்கு ஒண்ணு எரியாது," என்று விரல் மடக்கினார். "எங்கேருந்தும்மா கொண்டு வர்றது?"

"அதெல்லாம் திங்கட்கிழமை பாக்கலாம், அத்தான்," என்றாள். ஆபீஸ் என்று அவரும் சொல்லவில்லை. "இப்ப மேல வாங்க. ரெண்டு பக்கமும் சேராத ஆள் ஒருத்தர் வேணும், தீர்ப்புச் சொல்ல. இல்லன்னா அடிச்சுக்குவாங்க."

"நான் ரெண்டையும் படிக்கலையே?"

"அதனாலதான் கூப்பிடறேன்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"ஏம்மா, அந்த டிரைவர் எங்கதான் போனான்?"

கொக்கி வாயை இறுக மூடிக்கொண்டாள். கவுண்டரில் நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள்.